பாட்டுப் பெட்டி செய்யவா பிள்ளையை அனுப்புகிறேன்?

சென்ற வருடம் மூன்றாம் தவணை, ஒரு சனிக்கிழமை காலை. விஞ்ஞான ஆய்வுகூட வாசலில் ஒரு உம்மா வந்து நின்றார். உள்ளே அவருடைய மகளும் இன்னும் ஐந்து பிள்ளைகளும் பற்றாசுக் கோலும் கையுமாக இருந்தார்கள். யன்னலோரம் ஈயப்புகை. ஒரு மூலையிலிருந்து ஆட்டுக்குட்டி கத்துவது போன்ற சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அவர் என்னைத் தனியே அழைத்து, கோபமில்லாமல்தான் கேட்டார்: "ரீச்சர், மகளுக்கு அடுத்த வருசம் ஓ.எல். சோதினை. சனிக்கிழமையில பாஸ் பேப்பர் செய்யிறாக்கும் எண்டு நினைச்சிருந்தன். பாட்டுப் பெட்டி செய்யவா பிள்ளைய அனுப்புறன்?"

"இதுவும் பாடத்தோட சேர்ந்ததுதான்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவரும் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுப் போனார். அது சரியான பதில் அல்ல என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இக்கட்டுரை அவருக்கு நான் ஒரு வருடம் தாமதமாகச் சொல்லும் பதில். கல்லூரிச் சஞ்சிகையைப் பிள்ளைகளைவிடப் பெற்றோரே முழுமையாக வாசிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் இதை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் செய்தது பெரிய விடயமல்ல. எட்டுச் சாவிகள், ஒரு சிறிய ஸ்பீக்கர், 9 வோல்ற் பற்றரி, நடுவில் 555 என்ற எட்டுக் கால் ஐசி. இந்த ஐசியை ஹான்ஸ் கமென்சிண்ட் என்ற சுவிஸ் நாட்டுப் பொறியியலாளர் 1971இல் வடிவமைத்தார். அடுத்த வருடம் விற்பனைக்கு வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் போய்க் கேட்டால் உடனே எடுத்துத் தருகிறார்கள். ஒரு கொள்ளளவி தடையிகளூடாக நிரம்புகிறது, குறித்த அளவு நிரம்பியதும் ஐசி அதைத் திறந்துவிடுகிறது, பிறகு மீண்டும் நிரம்புகிறது. இது செக்கனுக்கு நானூறு தடவை நடந்தால் ஸ்பீக்கரின் தாளும் நானூறு தடவை முன்பின்னாக அசையும். அதுதான் சுரம். தடையைக் கூட்டினால் நிரம்ப நேரமெடுக்கும், சுருதி இறங்கும். குறைத்தால் ஏறும். ஒவ்வொரு சாவிக்கும் ஒவ்வொரு தடை. அவ்வளவுதான் கருவி.

இதைத் தொடங்கியதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. விடுமுறைக்கு லண்டனிலிருந்து வந்த சாச்சியின் பேரன் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். துண்டுகளைக் 'கிளிக்' என்று பொருத்தினால் கீபோர்ட் ஆகிவிடும். ஐந்து நிமிடத்தில் அது பாடியது. பத்தாவது நிமிடத்தில் அவனுக்கு அலுத்துவிட்டது. போகும்போது அதை எங்கள் குளிர்சாதனப்பெட்டியின் மேல் விட்டுவிட்டுப் போனான். நல்ல பொருள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிழைபோக வழியே இல்லாத ஒன்றில் பிள்ளை எதைக் கற்பான் என்ற யோசனை எனக்கு வந்தது. அதனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பொருத்தும் பெட்டி வேண்டாம், உதிரிப்பாகங்களை வாங்கி நாங்களே ஆறு பொதிகளாகக் கட்டுவோம் என்று முடிவெடுத்தேன். பற்றாசுக் கோலைத் தவிர்த்து, ஒரு பொதி ஆயிரம் ரூபாவுக்குள் அடங்கியது.

வாங்கப் போன இடத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். இரண்டு மாணவிகளுடன் நகருக்குள் ஓர் உதிரிப்பாகக் கடைக்குப் போயிருந்தோம். பட்டியலை நீட்டியதும், "தம்பிமாருக்கோ?" என்று கேட்டார் கடைக்காரர். இல்லை, இந்தப் பிள்ளைகளுக்குத்தான் என்றேன். "அப்ப சோல்டர் பண்ண ஆரையாவது பிடிச்சுத் தரட்டோ?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, உதவிக்குத்தான் கேட்டார். அதுதான் எனக்கு உறைத்தது. 1959இல் இங்கிலாந்தில் டீலியா டெர்பிஷயர் என்ற பெண், கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்துவிட்டு, ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டார். ஒலிப்பதிவு கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பின்பு பிபிசியில் சேர்ந்து, 1963இல், வேறொருவர் எழுதிக்கொடுத்த ஒரு தொலைக்காட்சித் தொடரின் தலைப்பிசையை, வாத்தியக்காரர் எவரும் இல்லாமல், அலையியற்றிகளாலும் ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியும் உருவாக்கிக் கொடுத்தார்.  ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு துண்டு நாடா. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது ஒருத்தி கேட்டாள், "எத்தனை துண்டு ரீச்சர்?" எனக்குத் தெரியவில்லை.

இனி முக்கியமான விடயம். ஆறு பொதிகளில் முதல் நாளிலேயே ஒலித்தது ஒன்று. மற்ற ஐந்தும் ஒலிக்கவில்லை, அல்லது ஒலிக்கவேண்டியதை ஒலிக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்த ஐந்துதான் அன்றைய வெற்றி.

என் வாப்பா றேடியோ திருத்துபவர். ஐந்து சந்திக்குக் கிட்ட சின்னக் கடை வைத்திருந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, கடையில் பதினேழு றேடியோக்கள் திருத்துவதற்காகக் கிடந்தனவாம். அயலில் இருந்த தமிழ்ச் சனங்கள் நம்பித் தந்தவை. சொந்தக்காரர் பெயரெழுதிய துண்டுகளோடு அப்படியே விட்டுவிட்டு வந்ததை இன்றைக்கும் சொல்லி மனவருத்தப்படுவார். புத்தளத்து முகாமில், ஓலைக் கொட்டிலில், மின்சாரம் இல்லாமல், செப்புத் தலை வைத்த கோலைக் கரி நெருப்பில் சூடாக்கித் தொழிலை மீண்டும் தொடங்கினார். நான் பிறந்தது அங்கேதான். காக்காவுக்கு வேலை பழக்கினார். எனக்கு ரோச் பிடிக்கிற வேலை. "மகள், வெளிச்சத்த அசைக்காத" என்பதுதான் என் தொழிற்பயிற்சி.

ஆனால் ரோச் பிடித்தவளுக்கும் காது இருந்தது. வாப்பா பின்மூடியைக் கழற்றும் முன்னர், றேடியோவைக் காதோடு வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருப்பார். "சத்தத்த வச்சுத்தான் வருத்தத்தப் பிடிக்கோணும்" என்பார். இரைச்சல் மட்டும் வந்தால் ஒரு இடம், உறுமினால் இன்னொரு இடம், தட்டினால் வந்து விட்டால் போனால் வேறொரு இடம். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது போல.

முதன்முதலாக ஒரு பிள்ளை இலத்திரனியலில் எதையாவது செய்வதானால் அது ஒலிக்கும் பொருளாக இருக்கவேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான். மின்குமிழ் எரியும் அல்லது எரியாது. எரியாவிட்டால் ஏன் என்று அது சொல்லாது. ஒலி சொல்லும். எல்லாச் சாவியும் ஊமை என்றால் பற்றரித் தொடுப்பைப் பார், இல்லாவிட்டால் ஐசியைத் தலைமாறிப் போட்டிருப்பாய், தொட்டுப் பார், சுடும். ஒரு சாவி மட்டும் ஊமை என்றால் அந்தக் கிளையை மட்டும் பார். கை வைக்காமலே ஊளையிடுகிறதா, ஈயம் வழிந்து ஒரு சாவியின் இரண்டு முனைகளையும் இணைத்திருக்கும். விரல் பட்டதும் கரகரக்கிறதா, ஈயம் காலைச் சுற்றி உருண்டு நிற்கிறது, பிடிக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு சாவி தவளைபோல உறுமியது. கபிலம், கருப்பு, செம்மஞ்சள் வரவேண்டிய இடத்தில் கபிலம், கருப்பு, மஞ்சள் தடையியைப் போட்டிருந்தாள். 10 கிலோ ஓமுக்குப் பதில் 100 கிலோ ஓம். கணக்குப் பார்த்தால் 686 ஹேர்ட்ஸ் வரவேண்டிய சுரம் 72 ஆக இறங்கியிருக்கும். நான் சொல்லவில்லை. நிறக்குறியை மீண்டும் வாசித்து அவளே கண்டுபிடித்தாள். சோதனைத்தாளில் அதே நிறக்குறியைப் பத்துத் தடவை எழுதியவள்தான்.

நாங்கள் இங்கே இல்லாத காலத்தில் இங்கிருந்தவர்கள் இதை வேறு விதமாகக் கற்றிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொல்வார்: தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். செய்தி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றுவார்கள். டைனமோவிலிருந்து வயர் றேடியோவுக்குப் போகும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துவிடும். பள்ளிக்கூடம் கண்டிராத ஆச்சிமாருக்குக்கூட வேகம் குறைந்தால் வோல்ற்றளவு குறையும் என்பது அத்துப்படியாம். அந்தக் காலம் திரும்பி வரவேண்டாம். ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்கிற அந்தத் துணிச்சல் எங்கே போனது? கைபேசி பழுதானால் இப்போது நாங்கள் அடுத்ததை வாங்கப் பணம் சேர்க்கிறோம்.

மூன்றாவது சனிக்கிழமை ஆறும் ஒலித்தன. அப்போதுதான் அடுத்த சிக்கல். ஒரே பொதி, ஒரே வரைபடம், ஒரே தடையிகள். ஆனால் ஆறும் ஆறு விதமாக ஒலித்தன. சேர்ந்து அழுத்தினால் காது கூசியது. பிள்ளைகள் தங்களில்தான் பிழை என்று நினைத்தார்கள். பிழை அவர்களுடையதல்ல. சாதாரணத் தடையியின் கடைசி வளையம் பொன்னிறம். ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம் என்பது அதன் பொருள். பாடப் புத்தகத்தில் அதைப் படிக்கும்போது ஐந்து சதவீதம்தானே என்று கடந்துபோவோம். ஆனால் ஒரு சுரத்துக்கும் அதற்கடுத்த அரைச் சுரத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஆறு சதவீதம்தான்! பொன் வளையம் அனுமதிக்கிற அளவுக்குள்ளேயே ஒரு சுரம் கிட்டத்தட்ட அடுத்ததாகிவிடும். கொள்ளளவி பிசகினால் எட்டும் ஒன்றாக ஏறி இறங்கும், உறவு கெடாது. தடையி பிசகினால் ஒவ்வொன்றும் தன் வழியில் போகும். 11ஆம் தரத்தில் அலைகள் ஓர் அலகு, இலத்திரனியல் இன்னோர் அலகு. இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் தெரியாமல் இருந்தன. ஒரு பலகையில் சந்தித்தது அன்றைக்குத்தான்.

தீர்வு, தடையைத் திருகிச் சரிசெய்யும் சிறு மாறுதடையிகள். சாவிக்கு ஒன்று. எதை வைத்துச் சரிசெய்வது? அயல் பாடசாலையில் சங்கீதம் கற்பிக்கும் சினேகிதி தன் மின்னணுச் சுருதிப்பெட்டியை ஒரு நாள் இரவல் தந்தார். யாழ்ப்பாணத்தில் மாலை நேரம் தெருவால் நடந்தால் எந்தப் பாட்டு வகுப்பிலிருந்தும் அந்த ரீங்காரம் கேட்கும். அதுவும் இப்படித்தான் பிறந்தது. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியியலாளர் புல்லாங்குழலும் வாசிப்பவர். 1979இல் அதை உருவாக்கினார். பக்கத்தில் ஆள் இருந்து தம்புரா மீட்டவேண்டும், அல்லது துருத்திப் பெட்டியை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும் என்ற நிலை அதனால் மாறியது. சினேகிதியின் பெட்டியை நடுவில் வைத்து, ஆறு பிள்ளைகளும் அதைச் சுற்றி நின்று, திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருகி, இரண்டு ஒலியும் சேரும் இடத்தில் அந்த அதிர்வு மெதுவாகி நின்றுபோவதைக் கேட்டார்கள். அப்போது ஆய்வுகூடத்தில் யாரும் மூச்சுக்கூட விடவில்லை.

இசைக்கருவி என்றதும் நம் வீடுகளில் சிலரின் முகம் மாறும். எனக்குத் தெரியும். இசை பற்றி உலமாக்களிடையே வெவ்வேறு கருத்துகள் இருக்கின்றன. அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளல்ல, ஒவ்வொரு வீடும் தன் நிலைப்பாட்டில் நிற்க உரிமையுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் பனூ மூசா என்ற மூன்று சகோதரர்கள் தண்ணீரின் விசையால் தானே ஊதும் குழலை வடிவமைத்து எழுதிவைத்தார்கள் என்பதை வரலாறாக மட்டும் சொல்லி வைக்கிறேன், வாதமாக அல்ல. வாசலில் வந்து கேட்ட அந்த உம்மாவின் தயக்கத்திலும் பாதி சோதினை, பாதி இது. அவருடைய மகள் அடுத்த வாரம் வந்து, "ரீச்சர், எனக்குப் பாட்டு வேண்டாம், வேற ஏதும் செய்யலாமா?" என்றாள்.

செய்யலாம். அவளுடைய பலகையில் சாவிகளைக் கழற்றினோம். சாவியின் தடை இருந்த இடத்திலிருந்து இரண்டு வயர்களை இழுத்தோம். தண்ணீர்த் தாங்கியின் மேல் விளிம்பில் அவற்றைத் தொங்கவிட்டால், தாங்கி நிரம்பியதும் தண்ணீரே தடையாக நின்று சுற்றைப் பூர்த்தியாக்கும், ஸ்பீக்கர் கத்தும். மோட்டரை நிறுத்த மறந்து தண்ணீர் வழிந்தோடாத வீடு நம் பகுதியில் எது? ஆய்வுகூடத்தில் ஒரு குவளைக் குழாய்த் தண்ணீரில் பரீட்சித்தாள். கத்தியது. பிறகு யாரோ குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரில் வைத்தாள். அதுவும் கத்தியது, ஆனால் தாழ்ந்த சுருதியில். இரண்டையும் மாறி மாறி வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். உப்புகள் கூடக் கரைந்திருந்தால் தண்ணீர் கூடக் கடத்தும், தடை குறையும், சுருதி ஏறும். அவள் தண்ணீரின் உவர்ப்பைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டே வேண்டாம் என்றவள்தான் அந்த வருடம் சுருதியோடு அதிகம் மல்லுக்கட்டினாள். அடுத்த கிழமை ஒவ்வொருத்தியும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரோடு வந்தார்கள். ஒருத்தி மழைத் தண்ணீர் பிடித்து வந்தாள், அது முனகியது. நயினாதீவிலுள்ள உறவினர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கீச்சிட்டது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இந்தக் குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீரையே குடிக்கிறோம். அளவுமீறி இறைத்தால் கடல் உள்ளே வரும். இதைப் புவியியலில் படித்தவர்கள்தான் எல்லோரும். வயர்களின் இடைவெளியும் அமிழும் ஆழமும் ஒரேயளவாக இருந்தால்தான் ஒப்பிடலாம் என்று சண்டை பிடித்து, ஐஸ்கிரீம் குச்சியில் துளையிட்டு வயர்களைப் பொருத்தினார்கள். அதையும் அவர்களே யோசித்தார்கள். எந்த உப்பு கரைந்திருக்கிறது, குடிக்க உகந்ததா என்பதை இந்தக் கருவி சொல்லாது. அதற்கு ஆய்வுகூடப் பரிசோதனை வேண்டும். எது ஒலிக்கிறது, எது ஒலிக்கவில்லை என்பதோடு, தன் கருவி எதைச் சொல்ல முடியாது என்பதையும் பிள்ளைகளிடம் எழுதி வாங்கினேன்.

இதனால் பெறுபேறு உயரும் என்று பெற்றோருக்கு நான் வாக்குறுதி தரமாட்டேன். அப்படி உயர்ந்ததாகக் காட்ட என்னிடம் கணக்கு எதுவும் இல்லை, இரண்டு தவணையில் காட்டவும் முடியாது. நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். வகுப்பில் விடை பிழைத்தால் அழித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கிறவர்கள், இங்கே பலகை பிழைத்தால் பக்கத்துப் பலகையைப் பார்த்துப் பயனில்லை என்பதைக் கண்டுகொண்டார்கள். பிழை எங்கே என்பது அவரவர் பலகையில்தான் இருந்தது.

ஆபத்து இல்லையா என்று கேட்டவர்களுக்கு: பலகையில் ஓடுவது 9 வோல்ற், அதில் பயமில்லை. கோல் சுடும், ஆகவே முந்தானையை ஊசி குத்திப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அமரவிடுகிறேன். யன்னல் திறந்திருக்கும். ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் எவரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கக்கூடாது. இதுவரை இரண்டு விரல் சுட்டிருக்கிறது. ஒன்று என்னுடையது.

சென்ற மாதம் வாப்பாவை ஒரு சனிக்கிழமை அழைத்து வந்தேன். கண் இப்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒரு பிள்ளையின் பலகையைக் கையில் வாங்கி, சாவிகளை ஒவ்வொன்றாக அழுத்தி, காதோடு வைத்துக் கேட்டார். "அஞ்சாவதில ஈயம் பிடிக்கேல்ல, மகள்" என்றார் அவளிடம். அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். நான் ரோச் பிடிக்கப் போனேன். பிறகு நினைவு வந்து ரோச்சைக் கீழே வைத்துவிட்டு, எனக்கென்று ஒரு கோலைச் சூடாக்கினேன்.

இந்த வருடம் பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கோல்கள் நான்குதான் இருக்கின்றன. வீட்டில் பழுதான றேடியோ, கசெற், ஸ்பீக்கர் கிடந்தால் குப்பைக்கு அனுப்பாமல் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். பெயரெழுதிய துண்டு ஒட்டி அனுப்பினால் திருத்தித் திருப்பித் தரவும் முயற்சி செய்வோம். அந்த உம்மாவின் மகளுக்கு இந்த வருடம் சோதினை, அவள் சனிக்கிழமைகளில் வருவதில்லை. அவர்கள் வீட்டுத் தாங்கி நிரம்பினால் மட்டும் எங்கள் வீடு வரைக்கும் கேட்கிறது.